ஏற்றத்தில் மட்டும் நின்ற லொறி

எங்கள் லொறி இறக்கத்தில் ஒருநாளும் நின்றதில்லை. ஏற்றத்தில்தான் நிற்கும். அதுவும் வெறும் லொறியாகப் போகும்போது நிற்காது. சுமை ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரில் முக்கி முக்கிப் போகும்போதுதான் நிற்கும். முதலில் இஞ்சின் சத்தம் மெலியும். பிறகு இரண்டு தரம் இருமும். அப்புறம் சத்தமே இருக்காது, ரோட்டோர வடிகானில் தண்ணீர் ஓடுவது கேட்கும். பத்து நிமிடம் சும்மா விட்டால், எதுவுமே நடக்காதது மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

இதையெல்லாம் ஒன்றாக வைத்து ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் எனக்கு அன்றைக்கே விடை கிடைத்திருக்கும். நான் யோசிக்கவில்லை. யோசிப்பதைவிடக் கோபப்படுவது எனக்குச் சுலபமாக வரும். என் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

லொறி ஜப்பானில் பழசாகி, கப்பலில் வந்து, எங்களிடம் இன்னும் பழசானது. அதில் கம்ப்யூட்டர் கிடையாது. டாஷ்போர்டில் இருக்கிற விளக்குகளில் பாதி எரியாது. டீசல் போகிற பாதையைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: டேங்க், அதிலிருந்து ஒரு பைப், வழியில் ஒரு பில்டர், அதன் தலையில் கையால் அமுக்குகிற சின்னப் பம்பு, அப்புறம் இஞ்சினோடு சேர்ந்த பெரிய பம்பு. அவ்வளவுதான். இந்த லொறியை நான் பதினான்கு வருஷம் ஓட்டினேன். காலையில் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் லீக்ஸ், கோவா, போஞ்சி என்று மரக்கறி ஏற்றிக் கண்டிச் சந்தைக்கு இறங்குவேன். பின்னேரம் தெல்தோட்டைக் கடைகளுக்குக் கோதுமை மா மூடை, சீனி, உரம் என்று ஏற்றிக்கொண்டு ஏறுவேன். வீடு கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில்.

பிறகு இடது முழங்கால் போய்விட்டது. கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் உயிர் போய் வந்தது. டாக்டர் லொறியை விடச் சொன்னார். நான் டாக்டரைத் திட்டினேன், ஆறு மாதம் கழித்து லொறியை விட்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை என்றால் என் ஒரே தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஏழு வயது இளையவர். தெல்தோட்டையில் குடியிருந்தார்கள். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். லொறி ஓடும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்பார். வயதில் சின்னவர் என்றாலும் தங்கையின் புருஷன், அதனால் நான் அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். அவரும் என்னை அப்படித்தான். எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அந்த 'ங்க' மட்டும் எங்களுக்குள் நழுவியதே இல்லை.

லொறியை அவர் கையில் கொடுத்த அன்று தெல்தோட்டைக் கோயில் வாசலில் பூசை போட்டோம். என் தங்கை ஒரு பயந்தாங்குளி. பஸ்ஸில் ஏறினால் கண்டி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வருவாள். புருஷன் டிராக்டரில் தோட்டத்துக்குள் சுற்றியவரைக்கும் அவளுக்குக் கவலை இல்லை. இனி தினமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்கவேண்டும் என்றதும் தூக்கம் போய்விட்டது. ஐயர் கொடுத்த திருநீற்றை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பூசினாள். ஸ்டியரிங்குக்குப் பூசினாள். கண்ணாடிக்குப் பூசினாள். கையில் இன்னொரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடம் ஏதும் இருக்கிறதா என்று லொறியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"வெளியில பூசி என்னா செய்ய?" என்று நான் கிண்டல் செய்தேன். "லொறி ஓடுறது டேங்குல உள்ளத வச்சுத்தான். அதுக்குள்ளயும் கொஞ்சம் போட்டு வையி!"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, "போங்கண்ணே" என்றாள். நாங்கள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடப் போனோம்.

நான்கைந்து மாதம் லொறி ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் பின்னேரம் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. கலஹாவுக்கு மேலே, உர மூடைகளோடு ஏறும்போது நின்றுவிட்டது, இப்போது மறுபடி ஓடுகிறது, எதற்கும் சொல்லிவைக்கிறேன் என்றார். அடுத்த வாரம் இரண்டு தரம் நின்றது. அதற்கடுத்த வாரம் நான்கு தரம். ஒருநாள் மழையில் மா மூடைகளோடு நின்று, மூடைகள் நனைந்து, கடைக்காரரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வரிசை முடிந்தாலும் அந்தக் காலத்துப் பழக்கங்கள் முடியவில்லை. வீட்டுக்கு வீடு கேன் இருந்தது. கேனில் இருப்பது என்ன என்று சில வீட்டில் சொந்தக்காரருக்கே தெரியாது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றி இஞ்சினைக் கெடுத்த கதைகள் சந்தையில் தினமும் அடிபட்டன. யாருடைய வண்டி நின்றாலும் எல்லாரும் முதலில் கேட்டது, "என்னாத்த ஊத்துனீங்க?" என்பதைத்தான். அப்படி ஒருவரை ஒருவர் மோந்து பார்க்கிற ஆட்களாக மாறியிருந்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மாறியிருந்தேன்.

கட்டுகஸ்தோட்டை வீதியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜ் இருக்கிறது. மாப்பிள்ளையை அங்கே லொறியைக் கொண்டுவரச் சொன்னேன். நானா பில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு தட்டில் கவிழ்த்தார். டீசலோடு சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி ஏதோ வந்தது. நானா அதை விரலில் எடுத்து உரசிப் பார்த்தார்.

"இது மண்ணும் இல்ல, துருவும் இல்ல" என்றார். "மாவு மாதிரி என்னமோ ஈக்கி. டேங்க எறக்கிப் பாப்பமா?"

டேங்கை இறக்கினால் ஒரு நாள் ஓட்டம் போய்விடும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. அதோடு, எனக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே. முந்திய வாரம் தெல்தோட்டை வீட்டுக்குப் போனபோது, குசினிக்குப் பின்னால் ஒரு நீலக் கேனைப் பார்த்திருந்தேன். மூடியைத் திறந்து மோந்தும் பார்த்திருந்தேன். மண்ணெண்ணெய். கேஸ் கிடைக்காத நாட்களில் அடுப்புக்கு வாங்கியது என்று தங்கை சொன்னாள். அழுக்குக் கேன், சாம்பல் சேறு, ஏற்றத்தில் இழுக்காத இஞ்சின். மூன்றையும் கூட்டினேன். கணக்குச் சரியாக வந்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு கலக்குற?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. "என்னா மச்சான்?" என்றார்.

"மண்ணெண்ண. டீசல்ல எவ்வளவு கலக்குற நீ?"

கராஜில் வேறு இரண்டு மூன்று டிரைவர்கள் நின்றார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் முகம் மாறியது மண்ணெண்ணெய் என்ற சொல்லுக்கு அல்ல என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. தங்கையைக் கட்டிய பதினோரு வருஷத்தில் முதன்முறையாக நான் அவரை 'நீ' என்றிருந்தேன்.

"நான் ஒன்னும் கலக்கல மச்சான்" என்றார். குரல் உயரவில்லை. "லொறி நிக்கிற நேரத்துல நீங்க வந்து அந்தக் கைப்பம்ப அமுக்கிப் பாருங்க. அமுக்குனா மேல எழும்ப மாட்டேங்குது. கீழயே ஒட்டிக்கிட்டு நிக்கிது. டேங்க் பக்கத்துல ஏதோ அடைக்கிது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கைப்பம்பை அமுக்கி விட்டால் அது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொண்டு மேலே எழும்பவேண்டும். டீசல் வருகிற வழியை ஏதாவது அடைத்துக்கொண்டால் உறிஞ்ச ஒன்றும் இருக்காது, அமுக்கிய இடத்திலேயே கிடக்கும். டீசலில் எதைக் கலந்தாலும் கைப்பம்பு அப்படி ஒட்டிக்கொள்ளாது. பதினான்கு வருஷம் அந்த லொறியை ஓட்டிய எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் சாட்சிக்கு ஆட்களை வைத்துக்கொண்டு ஒருவரைத் திருடன் என்ற பிறகு, தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது.

"எனக்கு நீ லொறி படிச்சுக் குடுக்காத" என்றேன்.

அவர் சாவியை எடுத்தார். அதில் அவருடைய சொந்த வளையம் ஒன்று இருந்தது, சின்ன வேல் தொங்குகிற வளையம். அதை மட்டும் நிதானமாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை நானாவின் கதிரையில் வைத்தார். "வாறேன் நானா" என்று நானாவிடம் சொன்னார். என்னைத் தாண்டி வெளியே இறங்கினார். பஸ் எடுக்கக் கண்டிப் பக்கம் நடந்து போனார்.

அன்று பின்னேரம் தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவரு அப்பிடிச் செய்ய மாட்டாரு" என்றாள். "ஒனக்கு லொறியப் பத்தி என்னா தெரியும்?" என்று கேட்டேன். "லொறியப் பத்தித் தெரியாது. அவரப் பத்தித் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் செய்யவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. பலகாரத் தட்டைத் தெல்தோட்டைக்கு அனுப்பவேண்டும் என்று என் மனைவி மூன்று தரம் சொன்னாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கேட்காதவன் மாதிரி இருந்தேன்.

வேறொரு டிரைவரைப் போட்டேன். என் வயதுக்காரர், நல்ல மனிதர். டீசல் அடிக்க நானே கூடப் போனேன். குழாயிலிருந்து டேங்குக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். லொறி மறுபடியும் ஏற்றத்தில் நின்றது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் கலந்த கலவையில் பெரிய பம்பு கெட்டுவிட்டது, அதுதான் இன்னும் நிற்கிறது என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெரிய பம்பைக் கழற்றிப் பரிசோதிக்கக் கொடுத்தேன். பம்பில் ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. பைப்பை மாற்றினேன். பில்டரை மாற்றினேன். ஒவ்வொரு பில்டரிலும் சாம்பல் சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. கலப்பட டீசல் தீர்ந்து வருகிறது என்று அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். டேங்கை மட்டும் தொடவில்லை. டேங்க் பக்கம் அடைக்கிறது என்றவர் மாப்பிள்ளை. காரணம் அவ்வளவுதான். வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

மாப்பிள்ளைக்கு மடுல்கெல்லப் பக்கம் ஒருவரிடம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. கண்டிக்கு அந்தப் பக்கம் மடுல்கெல்ல, இந்தப் பக்கம் தெல்தோட்டை. தினமும் போய்வர முடியாது. அங்கேயே தங்கி, சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு வருவாராம். இதை நான் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை. டிரைவரோடு நானும் போயிருந்தேன். கலஹாவுக்கு மேலே உள்ள வளைவில் லொறி நின்றது. பாதையின் நடுவில் நின்றதால் பின்னால் வந்த தெல்தோட்டை பஸ்ஸும் நின்றது. பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னலால் தலையை நீட்டிச் சத்தம் போட்டார்கள். டிரைவர் இறங்கிப் போய்க் கைப்பம்போடு மல்லுக்கட்டினார். நான் முழங்காலைச் சாக்கு வைத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பையைக் கையில் பிடித்தபடி பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

பையை டிரைவரிடம் பிடிக்கக் கொடுத்தார். டேங்கிலிருந்து வருகிற ஹோஸைப் பில்டர் பக்கம் கழற்றினார். அதில் வாயை வைத்து, டேங்கை நோக்கி ஊதினார். முதல் தரம் போகவில்லை. கன்னம் புடைக்க இன்னொரு தரம் ஊதினார். டேங்குக்குள் கொடகொட என்று சத்தம் கேட்டது. என் இருக்கைக்குக் கீழேதான் டேங்க், எனக்கும் நன்றாகக் கேட்டது. ஹோஸை மாட்டிக் கைப்பம்பை அமுக்கினார், அது துள்ளி எழும்பியது. லொறி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. வாயில் போன டீசலைக் கானில் துப்பிவிட்டுப் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான்கிட்ட சொல்லுங்க" என்று டிரைவரிடம் சொன்னார். "டேங்க எறக்கிப் பாக்கச் சொல்லுங்க. உள்ள ஏதோ கெடக்கு."

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. நான் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஏறுங்க மாப்பிள்ளை, நாங்களும் தெல்தோட்டைக்குத்தான் போறோம்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவர் முதலில் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய் ஏறினார். வாயில் டீசல் நாற்றத்தோடு வீடுவரை போயிருப்பார்.

மூன்று வாரம் கழித்து, மடுல்கெல்லப் பக்கம் நல்ல மழையில், அவர் ஓட்டிய கொழுந்து லொறி ஒரு இறக்கத்தில் ரோட்டை விட்டுப் போய்விட்டது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

அண்ணன் செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன். பந்தல் கதிரைகளைப் பிடித்து வந்தேன். ஐயருக்குச் சொன்னேன். கோடித்துணி போட நேரம் வந்தபோது, அதைத் தங்கையின் தோளில் போட்டேன். அவள் துணியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கருமாதி முடிந்த மறுவாரம் நானாவின் கராஜுக்குப் போனேன். "இன்னைக்கு முடிவா ஒன்ன பாத்துருவோம் நானா" என்றேன். எதைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வெள்ளைக் கேனில் புது டீசல் நிரப்பினோம். கேனை லொறியின் தலையில் கயிறு போட்டுக் கட்டினோம். உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற ஒரு ஹோஸைக் கேனிலிருந்து நேரே பில்டருக்குக் கொடுத்தோம். இப்போது லொறிக்கும் டேங்குக்கும் சம்பந்தம் இல்லை. பின்னால் மணல் மூடை ஏற்றி ஹந்தானை ஏற்றத்தில் விட்டோம். நானா ஓட்டினார், நான் ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி ஒரு இருமல் இல்லாமல் மேலேவரை போனது. திரும்பி வந்து டேங்க் பைப்பை மாட்டிக்கொண்டு, அதே சுமையோடு அதே ஏற்றத்தில் மறுபடி விட்டோம். பாதி வழியில் நின்றது. நான் இறங்கி, நொண்டிக்கொண்டு போய், கைப்பம்பை அமுக்கினேன். அது மேலே எழும்பவில்லை. கீழேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளை சொன்ன மாதிரியே. ஒரு எழுத்துப் பிசகவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் சொன்ன உடனே நான் குனிந்து அமுக்கியிருந்தால் இதே விடைதான் கிடைத்திருக்கும். நான் பம்பின் மேல் கை வைத்தபடியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நானா பக்கத்தில் வந்து நின்றார்.

மறுநாள் காலையில் டேங்கை இறக்கினோம். டீசலை வடித்துவிட்டு, உறிஞ்சுகிற பைப்பை மேலே இழுத்தபோது, அதன் நுனியில் ஒரு பொலித்தீன் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நானா அதைப் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துண்டல்ல, சின்னப் பை. வாயில் நூல் கட்டிய முடிச்சு தளர்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பையின் மேல் சிவப்பு மையில் அச்சடித்திருந்தது பாதி அழிந்துபோயிருந்தது. ஆனாலும் மூன்று கோடுகளும் நடுவில் ஒரு பொட்டும் தெரிந்தன.

சுமையோடு ஏறும்போது இஞ்சின் அதிகமாக உறிஞ்சும். அந்தப் பை போய்ப் பைப்பின் வாயை மூடிக்கொள்ளும். இஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விட்டுப்போகும், பை மிதந்து விலகிவிடும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரி. அப்படியென்றால் அந்தச் சாம்பல் சேறு? மாவு மாதிரி என்று நானா சொன்னது? அது திருநீறு. கலப்படத்துக்குச் சாட்சி என்று நான் எடுத்துக்கொண்டது தெல்தோட்டைக் கோயிலின் திருநீறு. 'அதுக்குள்ளயும் கொஞ்சம் போட்டு வையி' என்று சொன்ன வாய் என்னுடையது.

"இது ஒங்கட கோயில்ட சாமானா?" என்று நானா மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் அதைக் கீழே போடவில்லை. ஒரு சுத்தமான துணியால் துடைத்து, பேப்பரில் மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

டேங்கைக் கழுவி மாட்டியதும் அப்படியே தெல்தோட்டைக்கு விடச் சொன்னேன். டிரைவர் ஓட்டினார். மா மூடைகளோடுதான் போனோம். மாப்பிள்ளை இறங்கி வந்த அந்த வளைவில் லொறி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. ஏன் இன்றைக்கு மட்டும் நிற்காமல் போகிறாய் என்று அதை உதைக்கவேண்டும் போலிருந்தது. தங்கையிடம் சொல்லவேண்டியதை வழிநெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்வது, பையையும் எடுத்துக் காட்டுவது என்றுதான் போனேன். அவர் பேரைக் கழுவிக் கொடுப்பதைத் தவிர என்னால் அவளுக்குச் செய்ய இனி ஒன்றும் இல்லை.

தங்கை தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எனக்கு எதிரே உட்காராமல், அலுமாரியில் சாய்ந்துகொண்டு நின்றாள். அலுமாரியின் கைப்பிடியில் அந்தச் சின்ன வேல் வளையம் தொங்கியது.

"மாப்பிள்ள மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். "டீசல் சுத்தமாத்தான் இருந்திருக்கு. நான் சொன்னதெல்லாம் அபாண்டம். கராஜுல எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"எனக்கு அது தெரியும்" என்றாள். "அவருகிட்ட நீங்க சொல்லலியே."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"பின்ன என்னாதான் இருந்திச்சு அந்த லொறிக்கு?" என்று கேட்டாள்.

கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசத் தொடங்கினாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"நான் ஒன்னு சொல்றேன், சிரிக்காதீங்கண்ணே. பூச போட்ட அன்னைக்கி நீங்க சொன்னீங்கல்ல, டேங்குக்குள்ளயும் போட்டு வையின்னு. நீங்க வெளையாட்டுக்குத்தான் சொன்னீங்க. நான் நெசமாவே போட்டுட்டேன். எல்லாரும் சாப்புடப் போன பெறகு, மூடியத் தொறந்து, பொட்டலத்தோட போட்டேன். பிரிச்சுப் போட்டா கரைஞ்சு போயிருமேன்னு கட்டுனபடியே போட்டேன். அவருகிட்டகூட சொல்லல. அதான் அந்த லொறி அவர எத்தன வாட்டி நடு ரோட்டுல நிப்பாட்டியும் ஒரு கீறல் படல. எறக்கத்துல நின்னிருந்தா பிரேக்கும் புடிக்காதுன்னு அவரே சொல்லியிருக்காரு. ஒருநாளாவது எறக்கத்துல நின்னிச்சா? சாமி பாத்துப் பாத்து ஏத்தத்துல மட்டுந்தான் நிப்பாட்டிச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கொழுந்து லொறியில ஒன்னும் இல்ல. நான் அதுல ஒன்னும் போடல."

அவரை என் லொறியிலிருந்து இறக்கியது யார் என்று அவள் சொல்லவில்லை.

"டேங்குல துரு" என்றேன். "அதான் அடச்சிருந்திச்சு. கழுவியாச்சு."

"என் பொட்டலம் உள்ளதான் இருக்கா?"

"இருக்கு."

"அத எடுத்துறாதீங்கண்ணே. இப்ப ஓட்டுறவருக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா."

"எடுக்கலம்மா" என்றேன்.

அவள் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள். பிறகு பார்வை சட்டைக்கு இறங்கியது. பேப்பரையும் தாண்டி டீசல் கசிந்து, சட்டைப் பையில் வட்டமாக ஒரு கறை பிடித்திருந்தது.

"என்னாண்ணே, சட்டையெல்லாம் டீசல்" என்றாள். பழைய குரல், சின்ன வயதில் என்னை அதட்டிய குரல். "அவரும் இப்பிடித்தான் வந்து நிப்பாரு. கழட்டிக் குடுங்க, ஒரு அலசு அலசித் தர்றேன். வெயில் இருக்கு, ஒடனே காஞ்சிரும்."

கையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"வேணாம்மா" என்றேன். சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.